வரைபடத்தில் இல்லாத தெரு

(வெண்மணி நினைவு நாளில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட 44 பேரை நினைத்து இங்கே கூடியிருக்கிறோம். இந்த நாளில் கூலியைப் பற்றிப் பேசியிருக்கிறோம். நீதிமன்றங்களைப் பற்றிப் பேசியிருக்கிறோம். வெண்மணியைப் பற்றி எழுதப்பட்ட இலக்கியங்களைப் பற்றியும் பேசியிருக்கிறோம். இந்த ஆண்டு கடலோர நிலத்தைப் பற்றியும் அதற்கு அரசு போடும் வரைபடங்களைப் பற்றியும் பேசப்போகிறோம் என்றபோது சில தோழர்கள் கேட்டார்கள்: "வெண்மணிக்கும் வரைபடத்துக்கும் என்ன தொடர்பு? கடற்கரை, மணல்மேடு, அலையாத்திக் காடு எல்லாம் சுற்றுச்சூழல்காரர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை இல்லையா?"

நியாயமான கேள்விதான். இந்த உரை முழுவதும் அதற்கான பதில்.

நாங்கள் சிலர் கடலோரக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தோம். கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வரைபடத்தை அச்செடுத்துக் கொண்டு போய், கோயில் திடலில் விரித்து வைத்தோம். மீனவர் குப்பத்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள். தங்கள் வலை காயும் இடத்தையும் படகு நிறுத்தும் இடத்தையும் தேடினார்கள். சிலவற்றைக் கண்டுபிடித்தார்கள், சிலவற்றைக் காணவில்லை என்று சண்டை போட்டார்கள். கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் கடைசியாக வந்து குனிந்து பார்த்தார். நடவு வேலையிலேயே முதுகு வளைந்துபோனவர். "தம்பி, இதுல எங்க தெரு எங்க இருக்கு?" என்று கேட்டார். தேடினோம். தெரு இல்லை. "சரி, சுடுகாட்டுக்குப் போற பாதையாவது இருக்கா?" என்று கேட்டார். அதுவும் இல்லை. அந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள் இருந்தது. அந்த அம்மா சிரித்தார். "அப்ப இந்த எடத்துல யாரும் இல்லன்னு எழுதிட்டாங்க" என்றார்.

வரைபடத்தில் வெள்ளையாக விடப்பட்ட இடம் காலி இடம் என்று பொருள்படும். காலி இடத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இன்று நாம் சொல்லவந்த செய்தி இவ்வளவுதான்: நிலத்தைக் காக்கும் திட்டத்தில் அந்த நிலத்தால் வாழ்கிற நிலமற்றவருக்கு இடம் இல்லையென்றால், அந்தத் திட்டம் நிலத்தையும் காக்காது.

முதல் நிலப் பயன்பாட்டுத் திட்டம்

"நிலப் பயன்பாட்டுத் திட்டம்" என்பது அதிகாரிகள் கொண்டுவந்த புதிய சொல் போலத் தெரியும். எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் வயல், எந்த இடத்தில் எதுவும் கட்டக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் அது. அப்படிப் பார்த்தால் இந்த நாட்டின் மிகப் பழைய நிலப் பயன்பாட்டுத் திட்டம் சாதிதான். ஊர் ஓரிடம், சேரி ஓரிடம். மேடு ஊருக்கு, பள்ளம் நமக்கு. வாய்க்காலின் தலைப்பு அவர்களுக்கு, கழிவுநீர் வந்து சேரும் வடிகால் ஓரம் நமக்கு. சுடுகாட்டுக்குப் பக்கத்தில் யார் குடியிருக்க வேண்டும் என்பதை எந்த நகர் ஊரமைப்பு அலுவலகமும் வரைந்து தரவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் அந்த வரைபடம் மாறாமல் இருக்கிறது.

காவிரியின் கடைமடைப் பகுதியில் இதன் பொருள் இன்னும் கடுமையானது. அங்கே நிலம் ஏறத்தாழத் தட்டை. ஓரடி மேடு, ஓரடி பள்ளம் என்பதே வாழ்வா சாவா என்பதைத் தீர்மானிக்கும். மழை வெள்ளம் எங்கே மூன்று நாள் நிற்கும், எங்கே மூன்று மணி நேரத்தில் வடியும் என்பது சாதியின்படி பிரிக்கப்பட்டிருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று சாதி பார்க்காது என்கிறோம். ஆனால் காங்கிரீட் வீட்டையும் கீற்றுக் குடிசையையும் காற்று ஒரே மாதிரி நடத்துவதில்லை. எந்தத் தெருவில் கீற்றுக் குடிசை அதிகம் என்பது புயலுக்கு முன்பே முடிவாகிவிட்டது.

ஆகவே "நம் கிராமத்தின் அழகிய நிலவமைப்பைப் பழையபடி காப்பாற்றுவோம்" என்று யாராவது பேசினால், நாம் உடனே கை தட்டிவிட முடியாது. பழையபடி என்றால் எந்தப் பழையபடி? கிராமத்தைத் தூக்கிக் கொண்டாடியவர்களை அண்ணல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் எப்படி மறுத்தார் என்பது நமக்குத் தெரியும். பழைய கிராமத்தைக் காப்பாற்றுவது நம் வேலை அல்ல.

அதே நேரத்தில், "இந்தப் பழைய கிராமம் அழியட்டும், கம்பெனி வரட்டும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. கம்பெனி வந்தபோது என்ன நடந்தது என்பதையும் இதே கடலோரம் நமக்குக் காட்டியிருக்கிறது.

மணலுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர்

அதற்கு முன் கடலோர நிலம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இது பள்ளியில் சொல்லித்தருவதில்லை. நம் தாய்மார்களுக்கு இது தெரியும்.

கடலை ஒட்டி மணல்மேடு. அதற்குப் பின்னால் கொஞ்சம் பள்ளம், பிறகு இன்னொரு மணல்மேடு. இவை பழைய கரைகள். கடல் காலம் காலமாகப் பின்வாங்கியபோது விட்டுச்சென்றவை. மழை பெய்தால் மணல் அதை உறிஞ்சிக்கொள்ளும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது என்பதால், மணலுக்கு அடியில் அது உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். அதனால்தான் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் கையால் ஊற்றுத் தோண்டினாலும் குடிக்கிற தண்ணீர் கிடைக்கிறது. மணல்மேட்டை வெட்டி எடுத்தாலோ, மோட்டார் வைத்து அளவுக்கு மீறி இறைத்தாலோ, மேலே நிற்கும் நல்ல தண்ணீர் குறையும். கீழே இருக்கும் உப்பு ஏறிவரும். ஒருமுறை உப்பு ஏறிய கிணறு எளிதில் திரும்பாது.

மேட்டுக்குப் பின்னால் உப்பங்கழி, அலையாத்திக் காடு, ஆற்றின் முகத்துவாரம். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கிற இடம் அது. பிச்சாவரம் போன்ற கழிமுகங்களில் இருளர் மக்கள் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறார்கள். படகு இல்லை, பட்டா இல்லை, உரிமம் இல்லை. அந்தக் கழி ஆரோக்கியமாக இருந்தால் அன்றைக்கு அடுப்பு எரியும்.

அதற்கும் பின்னால் கடைமடை வயல்கள். நடவும் களையெடுப்பும் அறுவடையும் நம் பெண்களின் வேலை. வயல் அவர்களுடையது அல்ல, வேலை அவர்களுடையது. வயலோர வாய்க்காலில் நண்டும் நத்தையும் கிடைக்கும். வரப்பில் கீரை கிடைக்கும். புறம்போக்கில் ஆடு மேயும். பனையிலிருந்து ஓலையும் தாழையிலிருந்து நாரும் கிடைக்கும். இவற்றில் எதுவும் நம் பெயரில் இல்லை. அடங்கலில் இல்லை, சிட்டாவில் இல்லை. ஆனால் ஒரு நிலமற்ற குடும்பத்தின் ஆண்டுக் கணக்கில் ஒரு பங்கு இங்கேதான் இருக்கிறது. உடைமையாளருக்கு நிலவமைப்பு ஒரு காட்சி அல்லது ஒரு விலை. உடைமை இல்லாதவருக்கு அது சம்பளம், ரேஷன், மருந்துக்கடை எல்லாம்.

500 மீட்டர்

1981இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். கடல் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கரையை எந்த வேலைக்கும் விடாமல் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். பத்து ஆண்டு கழித்து, 1991 பிப்ரவரி 19 அன்று, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. கரையை நான்கு வகையாகப் பிரித்தது. கிராமப்புறக் கரையில் முதல் 200 மீட்டரைக் கட்டுமானம் கூடாத பகுதி என்றது. இந்தியக் கடலோரம் முழுவதற்கும் வந்த முதல் நிலப் பயன்பாட்டு விதி இதுதான்.

விதி வந்த அதே காலத்தில்தான் இறால் பண்ணைகளும் வந்தன. உலகச் சந்தையில் இறாலுக்கு நல்ல விலை. புதிய பொருளாதாரக் கொள்கை டாலர் வேண்டும் என்றது. இன்றைய நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் கடலோரத்தில் வயல்களும் புறம்போக்குகளும் குட்டைகளாக வெட்டப்பட்டன. கடல் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். நிலத்தடி நல்ல தண்ணீரையும் இறைத்துக் கலந்தார்கள். தீவனமும் மருந்தும் கலந்த கழிவைக் கழியிலும் வாய்க்காலிலும் விட்டார்கள். குட்டையிலிருந்து உப்பு கசிந்து பக்கத்து வயலுக்குப் போனது, பிறகு கிணற்றுக்குப் போனது. குட்டைகளின் கரை வடிகாலை மறித்ததால் மழைக்காலத்தில் தண்ணீர் போக வழியில்லாமல் சேரிக்குள் நின்றது. கடலுக்குப் போகும் பாதையில் வேலி விழுந்ததால் மீனவர்களும் அவதிப்பட்டார்கள்.

நமக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அடி வேலையில் விழுந்தது. ஒரு வயலில் நடவு என்றால் பத்துப் பதினைந்து பெண்கள் இறங்குவார்கள். அதே வயல் இறால் குட்டையானால் காவலுக்கு ஓர் ஆள் போதும். வயலை விற்றவருக்குப் பணம் கிடைத்தது. வாங்கியவருக்கு டாலர் கிடைத்தது. அந்த வயலில் தலைமுறை தலைமுறையாக நட்ட பெண்ணிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவர் விற்பனைப் பத்திரத்தில் சாட்சியாகக்கூட இல்லை.

வெண்மணி இங்கேதான் வருகிறது. 1968இல் வயல் மிராசுதாரருடையதாக இருந்தது. ஆனால் வயல் வயலாக இருந்ததால், வேலையை நிறுத்தும் சக்தி நம் கையில் இருந்தது. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டது அந்தச் சக்தியால்தான். அதைப் பொறுக்க முடியாமல்தான் தீ வைத்தார்கள். வயலே இல்லாமல் போனால் கூலி உயர்வு கேட்க ஆளும் இல்லை, இடமும் இல்லை. தீ வைக்காமலே நம்மை அந்த இடத்திலிருந்து கிளப்பிவிடலாம். நிலத்தின் பயன்பாட்டை மாற்றினால் போதும்.

தீர்ப்பும் அதற்குப் பின் வந்த சட்டமும்

வெண்மணிக்குப் பிறகு இந்தப் பகுதிக்கு வந்து தங்கியவர்கள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும். சர்வோதயப் பாதையோடு நமக்கு அரசியல் வேறுபாடு உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு தலித் பெண்ணாகப் பிறந்த கிருஷ்ணம்மாள், 1981இல் தொடங்கிய 'லாஃப்டி' என்ற உழுவோர் நில விடுதலை இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார். குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் அளவில், அதையும் பெண்கள் பெயரில். அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இறால் பண்ணைகள் வந்தபோது, அரும்பாடுபட்டு வாங்கிய நிலத்துக்குப் பக்கத்திலேயே உப்பு வந்து நின்றது. அவர்கள் பண்ணைகளுக்கு எதிராகப் போராட்டத்தில் இறங்கினார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாணவர்கள் இந்தத் தீர்ப்பைக் கட்டாயம் படிக்க வேண்டும். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணை கூடாது, இருப்பவற்றை 1997 மார்ச் 31க்குள் இடிக்க வேண்டும், மரபு முறையில் வளர்ப்பவர்களுக்கு மட்டும் விலக்கு என்றது. விவசாய நிலம், உப்பளம், அலையாத்திக் காடு, சதுப்பு நிலம், கிராமப் பொது நிலம் ஆகியவற்றை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்றது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. மூடப்படும் பண்ணைகளில் ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவர்களுக்குச் சட்டப்படியான இழப்பீட்டோடு ஆறு ஆண்டுக் கூலியும் சேர்த்துத் தரச் சொன்னது.

இறால் பண்ணை தரும் வருமானத்தைவிட அது செய்யும் சேதம் அதிகம் என்ற நீரி நிறுவனத்தின் ஆய்வையும் அந்தத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது. ஒரு தொழில் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று மட்டும் பார்க்காமல், யாருடைய கிணற்றை, யாருடைய வேலையை அழித்துச் சம்பாதிக்கிறது என்று நீதிமன்றம் கேட்ட அபூர்வமான தருணம் அது.

பிறகு என்ன நடந்தது? தீர்ப்பு முழுமையாக நடைமுறைக்கு வரும் முன்பே சட்டம் மாற்றப்பட்டது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. கடலோர மண்டல அறிவிக்கையின் தடை இறால் வளர்ப்புக்குப் பொருந்தாது என்றது. அதையும் 1991இலிருந்தே பொருந்தாது என்று பின்தேதியிட்டுச் சொன்னது. நீதிமன்றம் சட்டவிரோதம் என்று சொன்னது, சட்டத்தின் பேனாவால் ஒரே வரியில் சட்டப்படியானதாக ஆனது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம், "நீதிமன்றத்துக்குப் போய்ப் பயனில்லை" என்பது அல்ல. தீர்ப்பு ஒரு வெற்றி. ஆனால் அந்த வெற்றியைக் காத்து நிற்க ஊர் ஊராக ஒரு திட்டம் இல்லை. எந்தக் கிராமத்தில் எந்தச் சர்வே எண் வயல், எது பொது நிலம், எது வடிகால், யார் அதை நம்பி வாழ்கிறார்கள் என்று மக்கள் கையில் ஒரு வரைபடம் இருந்திருந்தால், டெல்லியில் எழுதிய ஒரு வரியால் அதை அவ்வளவு எளிதாக அழித்திருக்க முடியாது.

'பிற' என்ற சொல்லுக்குள் நாம்

2011இல் புதிய அறிவிக்கை வந்தது. மீனவச் சமூகங்களுக்கும் "பிற உள்ளூர்ச் சமூகங்களுக்கும்" வாழ்வாதாரப் பாதுகாப்பு என்று அதன் நோக்கத்திலேயே எழுதினார்கள். 2019 ஜனவரியில் மீண்டும் ஓர் அறிவிக்கை. மீனவ ஊர்கள், அவர்களின் பொது இடங்கள், மீன் காயவைக்கும் இடங்கள், சாலை, பள்ளி ஆகியவற்றை சர்வே எண் அளவிலான வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றும், மீனவ மக்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் போட வேண்டும் என்றும் சொல்கிறது. இது மீனவ மக்கள் போராடிப் பெற்றது. அதற்காக மகிழ்கிறோம். ஆனால் அதே அறிவிக்கை, மக்கள் அடர்த்தி அதிகமுள்ள கிராமப்புறக் கரைகளில் கட்டுமானம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தும் விட்டது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தது.

நாம் எங்கே இருக்கிறோம்? 'பிற' என்ற சொல்லுக்குள். உப்பளத் தொழிலாளி, கடைமடைக் கூலிப் பெண், கழியில் இறால் தடவும் இருளர் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். 'பிற' என்பது சட்டத்தில் ஒரு சொல். அலுவலகத்துக்குப் போனால் அது கணக்கில் வராதவர் என்று ஆகிவிடுகிறது.

கணக்கில் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் மீனவ மக்கள். அந்தத் துயரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் நிவாரணக் கணக்கு உடைமையை வைத்துப் போடப்பட்டது. படகு போனவருக்குப் படகு, வலை போனவருக்கு வலை, வயலில் உப்பு ஏறிய நிலக்காரருக்கு இழப்பீடு. அந்த வயலில் வேலை பார்த்தவர் எதை இழந்தார் என்று எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. உடைமை இல்லாதவருக்கு இழப்பும் இல்லை என்று கணக்கு முடிந்தது. முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதையும் தண்ணீருக்கே தடை வந்ததையும் அன்று களத்துக்குப் போனவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதனால் மீனவருக்கும் நமக்கும் பகை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலோரத்தில் இரண்டு பேரையும் கிளப்புவது ஒரே கைதான். ஆனால் ஒற்றுமை என்பது ஒருவர் வரைபடத்தில் இருப்பதும் இன்னொருவர் 'பிற'வில் இருப்பதும் அல்ல.

"வேலை வேண்டாமா?"

நம் தெரு இளைஞர்களே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, கம்பெனி வந்தா வேலை கிடைக்கும். வயலும் வாய்க்காலும் காப்பாத்தி, நாங்க காலம் பூரா நாத்து நடணுமா?"

இந்தக் கேள்வியை நாம் மதிக்க வேண்டும். சேற்றிலிருந்து வெளியே வர வேண்டும் என்பது நம் தாத்தாக்களின் கனவு. நம் பிள்ளைகள் இறால் பண்ணையில் காவலுக்குப் போயிருக்கிறார்கள். பாடுபட்டு வாங்கிய ஓர் ஏக்கரைக் கடனுக்காகக் குத்தகைக்கு விட்டவர்களும் நம்மில் உண்டு. அவர்களைக் குறை சொல்லும் தகுதி, மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு இல்லை.

ஆனால் திருப்பி மூன்று கேள்வி கேட்போம். எத்தனை வேலை, எத்தனை ஆண்டுக்கு, எழுத்தில் இருக்கிறதா? நிலத்தை விற்றவருக்கு விலை, நிலத்தில் உழைத்தவருக்கு என்ன? கம்பெனி போன பிறகு அந்த மண்ணில் எதுவும் விளையுமா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பேசலாம். கடலூர், நாகை மாவட்டங்களில் 45 கிராமங்களைப் பெட்ரோ ரசாயன மண்டலமாக 2017இல் அறிவித்தபோது இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை. எதிர்ப்பு வலுத்து, 2020இல் அந்த அறிவிப்பு கைவிடப்பட்டது.

அதே 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், உருக்காலை போன்றவை புதிதாக வரக் கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் நிலம் விவசாய நிலமாக இருக்க வேண்டும் என்று சொல்லும் அந்தச் சட்டம், அந்த நிலத்தில் யாருக்குப் பங்கு என்று கேட்கவில்லை. 2023இல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டமோ, 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு நீர்நிலையும் புறம்போக்கும் உள்ளிட்ட நிலத்தை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிறது. ஒரு சட்டம் பூட்டுகிறது, மற்றது சாவி கொடுக்கிறது. இரண்டிலும் நம் பெயர் இல்லை.

இந்த வரிசையில் பஞ்சமி நிலத்தை மறக்க முடியாது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் அரசு நமக்கென ஒதுக்கிய நிலம் அது. வேறு யாரும் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது. அதுவும் ஒரு நிலப் பயன்பாட்டு விதிதான். அந்த நிலத்தை மீட்கப் போராடித்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டார்கள். காரணை மாமல்லபுரத்துக்கு அருகில்தான் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும்போது, எந்தச் சர்வே எண் பஞ்சமி நிலம் என்ற தகவல் எந்தத் திட்ட வரைபடத்திலாவது தனி நிறத்தில் காட்டப்படுகிறதா?

நாம் வரைய வேண்டிய வரைபடம்

ஆகவே மாணவ நண்பர்களிடம் நாம் கேட்பது கோஷம் அல்ல, வேலை. கடலோரத்தில் ஆளுக்கு ஒரு கிராமம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைபடத்தை அதன் பக்கத்தில் வையுங்கள்.

பிறகு நடங்கள். தனியாகப் போகாதீர்கள், சேரியின் பெண்களோடு போங்கள். எங்கள் அனுபவத்தில் ஆண்கள் வீட்டையும் சாலையையும் காட்டுவார்கள். பெண்கள்தான் ஊற்றையும் விறகு எடுக்கும் இடத்தையும், வெள்ளம் முதலில் ஏறும் இடத்தையும், வேலி போட்டு அடைத்த பழைய பாதையையும் காட்டுவார்கள். எல்லாவற்றையும் குறியுங்கள். நத்தம், வீட்டுமனைப் பட்டா இல்லாத தெரு, சுடுகாடு, அதற்குப் போகும் பாதை, வடிகால், மேய்ச்சல் புறம்போக்கு, இறால் தடவும் கழி, உப்பளம், பஞ்சமி நிலம், அரசு ஒப்படைத்த நிலம். எந்த வயலில் எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை என்பதையும் எழுதுங்கள். இதுவரை எந்தத் திட்டமும் எழுதாத கணக்கு அது.

மூன்றாவது, அந்த வரைபடத்தைக் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூட்டம் நடந்தே ஆக வேண்டும். தீர்மானம் போட விடமாட்டார்கள், நமக்குத் தெரியும். மனுவாகவாவது கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வரைவுத் திட்டம் மீது கருத்துக்கேட்பு நடக்கும்போது எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

நான்காவது, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கடலோரக் குழுவில் உள்ளூர் மரபுச் சமூகத்தினர் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்று அறிவிக்கை சொல்கிறது. அந்த மூன்று பேர் யார் என்று உங்கள் மாவட்டத்தில் கேளுங்கள். அதில் ஒரு தலித் விவசாயக் கூலிப் பெண்ணும், இருளர்கள் வாழும் இடமென்றால் ஓர் இருளரும் இருக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. மீனவச் சங்கங்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, அவர்களையும் சேர்த்துக்கொண்டு இதைக் கேட்போம்.

கடைசியாக ஒன்று. காக்கப்படும் நிலத்தில் நமக்குப் பங்கு வேண்டும். மணல்மேட்டைத் தொடாதே என்பதோடு, சேரியை வெள்ளம் நிற்காத மேட்டுக்குக் கொண்டுவா என்றும் கேட்க வேண்டும். வயலை வயலாக வை என்பதோடு, அந்த வயலில் உழைப்பவர் பெயரில் நிலம் கொடு என்றும் கேட்க வேண்டும். முதல் பாதியை மட்டும் கேட்டால் நாம் மிராசுதாரரின் காவல்காரர் ஆவோம். இரண்டாம் பாதியை மட்டும் கேட்டால், கிடைக்கும் நிலத்தில் உப்பைத் தவிர எதுவும் இருக்காது.

திடலில் அந்த வரைபடத்தைப் பார்த்துச் சிரித்த அம்மாவிடம் கிளம்பும்போது ஒரு பேனாவைக் கொடுத்தோம். எழுதத் தெரியாது என்றார். விரலால் காட்டச் சொன்னோம். அவர் காட்டக் காட்ட அவருடைய பேத்தி கோடு போட்டது. தெரு, ஊற்று, சுடுகாட்டுப் பாதை, இப்போது இறால் குட்டையாக இருக்கும் பழைய நடவு வயல். வெள்ளையாக இருந்த இடம் நிரம்பிவிட்டது. அந்தத் தாளை மனுவோடு இணைத்துக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. பக்கத்து ஊருக்கு அடுத்த மாதம் போகிறோம். வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.

வெண்மணித் தியாகிகளுக்கு வீரவணக்கம். ஜெய்பீம்.